மூச்சைப் பின்தொடர்ந்து: கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் படகிலிருந்து பார்ப்பது எப்படி?

திமிங்கிலம் பார்க்கப் படகேறும் பலர், புகைப்படங்களில் கண்டதைப் போல நீரைப் பிளந்துகொண்டு முழு உடலும் வெளியே பாயும் காட்சியை எதிர்பார்த்து, பயணத்தின் முதல் அரை மணி நேரத்தை வீணாக்கிவிடுகிறார்கள். கடலில் நம் கண்ணுக்கு முதலில் தென்படுவது அதன் மூச்சுதான். தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளையாக ஒரு புகைக்கொத்து எழுந்து, இரண்டு மூன்று விநாடிகளில் காற்றில் கரைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கவும், எண்ணவும், அது எழும் இடைவெளியிலிருந்து நீருக்கடியில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கவும் ஒருவர் பழகிக்கொண்டால், திமிங்கிலம் துள்ளாத நாளிலும் அவர் நிறைவோடு கரைக்குத் திரும்புவார். இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டுள்ளது.

நம்மில் பலர் ஹம்பேக் என்ற பெயரிலேயே அறிந்திருக்கும் இந்தத் திமிங்கிலம், வளர்ந்த நிலையில் 13 முதல் 16 மீட்டர் வரை நீளமும், 25 முதல் 40 டன் வரை எடையும் கொண்டது. பெண் ஆணைவிடச் சற்றுப் பெரியது. இதன் முன்துடுப்புகள் உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். இதன் அறிவியல் பெயரான மெகாப்டெரா என்பதற்கே பெரிய சிறகுடையது என்றுதான் பொருள். தலை முழுவதும் காணப்படும் குமிழ்போன்ற புடைப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடி முளைத்திருக்கும். மூழ்கும்போது முதுகை வில்லாக வளைப்பதால்தான் இதற்குக் கூன்முதுகு என்ற பெயர் வந்தது.

எங்கே, எப்போது செல்வது

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் இத்திமிங்கிலங்கள் கோடையில் உணவு மிகுந்த குளிர்கடல்களில் மேய்கின்றன. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடல்களுக்கு இணை சேரவும் ஈனவும் வருகின்றன. அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலில் மேயும் திமிங்கிலங்களில் பல ஹவாய்த் தீவுகளுக்கு வருகின்றன. அது ஒரு வழிக்கே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். வெப்பக்கடலில் அவை பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அந்த மாதங்களைக் கடத்துகின்றன.

குட்டியுடன் வரும் தாயையும், ஒரு பெண்ணுக்காகப் பல ஆண்கள் முட்டி மோதுவதையும் காண விரும்புவோர் ஈனும் கடல்களுக்குச் செல்ல வேண்டும். வட அரைக்கோளத்தில் ஹவாயின் மவுயி தீவைச் சுற்றிய கடலும், டொமினிக்கன் குடியரசின் சமானா விரிகுடாவும் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் இருக்கும். தென் அரைக்கோளத்தில் பருவம் தலைகீழாக அமைவதால், டோங்காவின் வவாவு தீவுகள், ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடா, மடகாஸ்கரின் செயின்ட் மரி தீவு ஆகியவற்றுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே ஏற்றவை. கூட்டமாக இரை பிடிப்பதைக் காண விரும்பினால், அலாஸ்காவின் ஜூனோவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஸ்டெல்வாகன் திட்டுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலும், ஐஸ்லாந்தின் ஹூசவீக்குக்குக் கோடையிலும், அண்டார்டிக் தீபகற்பத்துக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் செல்லலாம்.

இந்தப் பொது விதிக்குள் அடங்காத ஒரு சிறு கூட்டம் அரபிக்கடலில் வாழ்கிறது. அது துருவக் கடல்களை நோக்கிப் போவதே இல்லை. ஆண்டு முழுவதும் அங்கேயே மேய்ந்து அங்கேயே ஈனுகிறது. 2017இல் ஓமன் கடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கிலம், அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து திரும்பியது. மிகக் குறைந்த எண்ணிக்கையில் எஞ்சியுள்ள இக்கூட்டம் அழியும் நிலையில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனவே இதைத் தேடிப் படகில் போவதைவிட, தற்செயலாகக் கண்டால் தொலைவிலிருந்தே படமெடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்புவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படகைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே கடலில் ஒரே நாளில் செல்லும் இரண்டு படகுகள் தரும் அனுபவம் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும். இரண்டு மூன்று தளங்கள் கொண்ட பெரிய படகு அதிகம் ஆடாது. உயரத்திலிருந்து பார்ப்பதால் மூச்சும் தொலைவிலிருந்தே தெரியும். ஆனால் கைப்பிடிக் கம்பியருகே இடம் பிடிக்கக் கூட்டத்துடன் போட்டியிட வேண்டியிருக்கும். காற்றடைத்த ரப்பர் விளிம்புள்ள சிறு படகில் நீர்மட்டத்திலேயே அமர்ந்து திமிங்கிலத்தின் அளவை உடலால் உணரலாம். ஆனால் நனைவீர்கள், குலுங்குவீர்கள். முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அதைத் தவிர்க்க வேண்டும். முதல்முறை செல்பவருக்கு நடுத்தர அளவுள்ள, நாற்புறமும் நடந்து சுற்றிவரக்கூடிய தளமுடைய படகைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

படகின் அளவைவிட அதை ஓட்டுபவரின் ஒழுக்கம் முக்கியம். முன்பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இயற்கை வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறாரா? திமிங்கிலத்திடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்பீர்கள்? குட்டி இருந்தால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் சரியானவர்களாகவே இருப்பார்கள். "மிக அருகில் கொண்டுபோய்க் காட்டுவோம்" என்று விளம்பரம் செய்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். நான் சென்ற ஒரு படகில், ஓட்டுநர் ஒரு தாயையும் குட்டியையும் அவை எழும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை முடுக்கித் துரத்தினார். முதலில் இருபது விநாடிக்கு ஒருமுறை அமைதியாக எழுந்த மூச்சு, சற்று நேரத்தில் ஒழுங்கின்றிச் சிதறி, பின்பு இருபது நிமிடங்களுக்கு எங்குமே தென்படவில்லை. அருகில் போக முயன்றதாலேயே அன்று நாங்கள் அவற்றை இழந்தோம். அவையோ ஓய்வை இழந்தன.

சட்டங்களையும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஹவாயிலும் அலாஸ்காவிலும் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், அணுகுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆறு திமிங்கிலங்களைத் தலையும் வாலுமாக வரிசையில் படுக்க வைத்தால் எவ்வளவு தொலைவு வருமோ அவ்வளவு என்று மனத்தில் அளந்துகொள்ளலாம். திமிங்கிலத்தின் பாதையைக் கணித்து முன்னால் போய் நின்று, அது தானாக வந்ததுபோல் காட்டும் தந்திரத்துக்கும் அங்கே தடை உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதல்படி படகு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; குட்டி இருந்தால் 300 மீட்டர். ஆளில்லா வானூர்திகளுக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால், அனுமதி உறுதியாகத் தெரியாவிட்டால் அதை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் 1963இல் அங்கும், 1966இல் உலகெங்கும் வணிக நோக்கிலான வேட்டையிலிருந்து இவ்வினத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. இன்று பல கடல்களில் இவை மீண்டு பெருகியிருப்பதைக் காணும் வாய்ப்பு அதன் பிறகுதான் நமக்குக் கிடைத்தது. அதே கடல்களில் இப்போது கப்பல் மோதலும் மீன்வலைகளில் சிக்குவதும் இவற்றைக் கொல்கின்றன.

புறப்படும் முன்

காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். பல கடற்கரைகளில் காலையில் காற்று தணிந்திருக்கும். காற்று வலுத்து அலைகளின் உச்சியில் வெண்ணுரை பரவிவிட்டால், நுரை எது, மூச்சு எது என்று பழகிய கண்ணுக்கே குழப்பம் வரும். வாந்தி வருமோ என்ற அச்சம் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையைப் படகேறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, வயிறு முட்ட உண்டும் போகக்கூடாது. படகின் நடுப்பகுதியில் நின்று, கைப்பேசித் திரையைப் பார்க்காமல், தொடுவானத்தின் மீதே பார்வையை நிறுத்துங்கள். கரையில் வெயிலடித்தாலும் கடலுக்குள் குளிரும் என்பதால், காற்றுப் புகாத மேலங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். பைனாகுலர் எடுத்துச் சென்றால் ஏழு அல்லது எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் படகின் ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகும்.

கடலைப் படித்தல்

படகு திறந்த கடலுக்கு வந்ததும், பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் தேடுங்கள். தொடுவானத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவி, அதன் பின் சற்றுக் கீழே இறங்கி மீண்டும் துழாவ வேண்டும். கூன்முதுகின் மூச்சு ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்குப் புதர்போல் பரந்து எழும். நீலத்திமிங்கிலத்தின் மூச்சு அதைவிடப் பல மடங்கு உயர்ந்து ஒல்லியான தூண்போல் நிற்கும். விந்துத் திமிங்கிலத்தின் மூச்சு முன்புறமாக இடப்பக்கம் சாய்ந்து எழும். திமிங்கிலங்களின் இந்த மூச்சை நீர் ஊற்று என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நுரையீரலிலிருந்து பெரும் வேகத்துடன் வெளியேறும் ஈரமான காற்றும், மூச்சுத்துளைகளின் மேல் தங்கிய சிறிதளவு நீரும் சிதறித் தெரிவதுதான் அந்தப் புகை. திமிங்கிலம் ஒரே மூச்சில் நுரையீரல் காற்றின் பெரும்பகுதியை மாற்றிவிடும்.

கண்டவுடன் மற்றவர்களுக்குச் சொல்லக் கடிகார முறையைப் பயன்படுத்துவார்கள். படகின் முன்முனையான அணியம் பன்னிரண்டு மணி, வலப்புறம் மூன்று மணி, பின்புறம் ஆறு மணி. "இரண்டு மணித் திசையில் மூச்சு" என்று குரல் கேட்டால், எங்கே திரும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், "அதோ, அதோ!" என்று கத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது எண்ணத் தொடங்குங்கள். நீண்ட முழுக்கிலிருந்து எழுந்த திமிங்கிலம், பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது விநாடி இடைவெளியில் நான்கைந்து முறையோ அதற்கு மேலோ மூச்சு விடும். இடையில் மேலோட்டமாக மட்டும் அமிழும். அந்த மூச்சுகளுக்கிடையே முதுகு நீருக்கு இணையாகத் தட்டையாகச் சறுக்கிக்கொண்டு போகும். பின்பு ஒரு மூச்சில் மட்டும் முதுகு வேறுவிதமாக எழுவதைக் காண்பீர்கள். சிறிய முதுகுத்துடுப்பு உயர்ந்து முன்னால் சாயும். அதன் பின்னாலுள்ள முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்படி உடல் வளையும். கடைசியாக வால் முழுவதும் மேலே வந்து, ஓரத்திலிருந்து நீர் திரைபோல் வழிய, ஒரு கணம் நின்று, சத்தமின்றி நேராக உள்ளே இறங்கும். முதுகு வளையத் தொடங்கும் கணத்திலேயே புகைப்படக் கருவியை உயர்த்தியவருக்கு வால் கிடைக்கும்; வாலைப் பார்த்த பின் உயர்த்தியவருக்கு வெறும் நீர்தான்.

அது மூழ்கிய இடத்தில் கண்ணாடிபோல் வழவழப்பான ஒரு வட்டம் மிதப்பதைக் கவனியுங்கள். வால் வீச்சால் மேலெழும் நீர் சிற்றலைகளை அழுத்திவிடுவதால் உண்டாகும் இந்தத் தடத்தைத் திமிங்கிலத்தின் காலடி என்றே கடலோடிகள் அழைக்கிறார்கள். அடுத்தடுத்து மிதக்கும் வட்டங்களை மனத்தில் கோடிட்டு இணைத்தால், அது செல்லும் திசை பிடிபடும். உடனே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் கடலில் முழுக்கு பெரும்பாலும் மூன்று முதல் பத்து நிமிடங்கள் நீடிக்கும். பாடும் ஆண் திமிங்கிலம் பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை எழாமல் இருக்கலாம். ஒரே திமிங்கிலத்தின் இரண்டு முழுக்குகளை அளந்துவிட்டால், மூன்றாவது முறை அது எப்போது எழும் என்பதை நீங்களே ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கூட்டத்தில் ஒருவர் மட்டும் சரியான நேரத்தில் சரியான பக்கம் திரும்பி நிற்பதன் இரகசியம் இதுதான்.

செய்கைகளைப் புரிந்துகொள்ளுதல்

துள்ளலைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நாற்பது டன் வரை எடையுள்ள உடலை நீருக்கு மேலே தூக்குவதற்கு வாலின் சில வீச்சுகளே போதுமாக இருக்கின்றன. விழும் ஓசை நீருக்கடியில் வெகுதூரம் கேட்பதால், இது ஒருவகைச் செய்தியாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காற்று பலமாக வீசும் நாட்களில் துள்ளலும் அறைதலும் அதிகம் என்பது அதற்கு ஒரு சான்று. ஒருமுறை துள்ளியது பலமுறை துள்ளக்கூடும் என்பதால், முதல் துள்ளல் எழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். மல்லாந்து படுத்து முன்துடுப்பால் நீரை அறைவது, வாலால் அறைவது, தலையை மட்டும் செங்குத்தாக உயர்த்தி நோட்டம் விடுவது ஆகியவற்றையும் அடிக்கடி காணலாம்.

மேய்ச்சல் கடலில் காணத்தக்க காட்சிகளிலெல்லாம் சிறந்தது குமிழி வலை. ஒன்றோ பலவோ ஆழத்தில் வட்டமாக நீந்தியபடி காற்றை விட, எழும் குமிழிகள் திரையாகி மீன்கூட்டத்தை நடுவில் ஒடுக்குகின்றன. பின்பு எல்லாத் திமிங்கிலங்களும் வாயைத் திறந்தபடி ஒருசேர மேலெழுகின்றன. நீரின் மேல் பச்சை வெள்ளையாக ஒரு வளையம் உருவாகத் தொடங்கினாலோ, கடற்பறவைகள் திடீரென ஒரே இடத்துக்குப் பாய்ந்தாலோ, பார்வையை அங்கே நிறுத்துங்கள். இந்த வித்தைகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்பவை. அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 1980இல் ஒரு திமிங்கிலம் குமிழி விடும் முன் வாலால் நீரை அறைவது கவனிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் பழக்கம் கூட்டத்தில் பலவற்றுக்கும் பரவிவிட்டது.

தாயும் குட்டியும் தென்பட்டால், படகிலுள்ள எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பிறக்கும்போதே நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள குட்டியால் மூச்சை அதிக நேரம் அடக்க முடியாது. தாய் கீழே அசையாமல் ஓய்வெடுக்க, குட்டி மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து, கைக்குட்டை அளவு மூச்சு ஒன்றை விட்டு, தாயை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அதன் தாடைக்கடியில் போய் ஒதுங்கும். அந்தச் சிறு மூச்சுகள் மூன்று நான்கு வந்த பின் தாயின் பெருமூச்சு ஒன்று வரும். இந்த ஒழுங்கு குலையாதவரை அவை அமைதியாக இருக்கின்றன என்று பொருள். உண்ணாமலே பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்கு ஒவ்வொரு நிமிட ஓய்வும் குட்டியின் உடலில் கொழுப்பாகச் சேர்கிறது.

திமிங்கிலம் அடிக்கடி திசை மாறினாலோ, வேகம் கூட்டினாலோ, முழுக்கை நீட்டினாலோ, எக்காளம்போல் பலத்த ஒலியுடன் மூச்சு விட்டாலோ, தாய் படகுக்கும் குட்டிக்கும் நடுவே வந்து நின்றாலோ, அது நம்மை விரும்பவில்லை என்று கொள்ள வேண்டும். விலகலாம் என்று வழிகாட்டியிடம் பணிவாகச் சொல்லப் பயணிகளுக்கு முழு உரிமை உண்டு. நான் இருமுறை சொல்லியிருக்கிறேன், இருமுறையும் ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார். மாறாக, சில திமிங்கிலங்கள் தாமாகவே படகருகே வந்து சுற்றுவதும் உண்டு. அப்போது ஓட்டுநர் எஞ்சினை நியூட்ரலில் வைத்துவிட்டு, அது போகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பயணிகள் கையை நீட்டித் தொட முயலக்கூடாது. அவ்வாறு வந்த ஒன்றின் மூச்சு ஒருமுறை என் சட்டைக்கையில் படிந்தது. அழுகிய மீனும் வேகவைத்த முட்டைக்கோசும் கலந்ததுபோன்ற அந்த வாடை அன்று மாலை வரை போகவில்லை. துவைக்க மனமும் வரவில்லை.

வாலைப் படமெடுத்தல்

வாலின் அடிப்பக்கத்திலுள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகளும், கீறல்களும், ஓர வெட்டுகளும் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் தனித்தவை. மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனில் 1975இல் திமிங்கிலம் காணும் படகுகள் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே அறியப்பட்ட சால்ட் என்ற பெண் திமிங்கிலத்துக்கு, முதுகுத்துடுப்பில் உப்புத் தூவியதுபோன்ற வெள்ளைத் தழும்புகள் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அது பத்துக்கும் மேற்பட்ட குட்டிகளை ஈன்றது. பேரக்குட்டிகளும்கூட வாலின் கோலத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

திமிங்கிலம் உங்களை விட்டு விலகிச் செல்லும்போதுதான் வாலின் அடிப்பக்கம் தெரியும். எனவே படகு அதன் பக்கவாட்டில் சற்றுப் பின்தங்கி இணையாகச் செல்லும் நிலையே படத்துக்கும் ஏற்றது, விதிக்கும் ஏற்றது. ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடி அல்லது அதற்கும் விரைவாக வைத்து, தொடர்ச்சியாகப் பல படங்களை எடுங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை. வால் முழுவதும் சட்டத்துக்குள் இருப்பதே முக்கியம். தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஹாப்பிவேல் என்ற இணையத்தளத்தில் படத்தைப் பதிவேற்றினால், உலகெங்கும் சேர்ந்துள்ள படங்களோடு அது ஒப்பிடப்படும்.

கடைசியாக ஒன்று. ஈனும் கடலுக்குச் சென்றால், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி படகில் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். ஆண் திமிங்கிலங்கள் மட்டுமே பாடும் அந்த நீண்ட பாட்டு, குறிப்பிட்ட வரிசையில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளால் ஆனது என்பதை ராஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் விளக்கினார்கள். ஒரு சுற்று பத்து நிமிடங்களுக்கும் மேல் நீளும். எஞ்சினை நிறுத்திக் கருவியை இறக்கியதும், முதலில் இறால்களின் சடசடப்பு மட்டும் கேட்கும். பின்பு அடித்தொண்டையில் எழுந்து மேலேறும் ஒரு முனகல், அதற்குப் பதில் சொல்வதுபோல் கதவு கிறீச்சிடுவதுபோன்ற ஓர் ஒலி, மீண்டும் அந்த முனகல். பாட்டு நின்றதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கடலை நோக்குங்கள். பாடியது மூச்சு வாங்க மேலே வந்துகொண்டிருக்கும்.